பிளம்ஸ் பழுக்கும் பத்து நாளும் எனக்கு லீவே இல்லாத பத்து நாளும் ஒன்றாக வருகிறது

பிளம்ஸ் மரத்து வீடு
மே 18, காலை 6.10

ஊட்டியில் இருக்கிறோம். வீட்டுப் பின்கட்டில் ஒரே ஒரு பிளம்ஸ் மரம், மாமனார் வைத்தது. அவர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. மே நடுவில் பழுக்க ஆரம்பித்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் எல்லாம் கீழே கிடக்கும். பறிக்காமல் விட்டால் பாதி பறவைக்கு, பாதி மண்ணுக்கு.

நான் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். மே என்றால் எங்களுக்கு சீசன். வார விடுமுறை கிடையாது என்று ஏப்ரல் கடைசியிலேயே சொல்லிவிட்டார்கள். காலை ஒன்பதுக்குப் போனால் இரவு ஒன்பது. நேற்று மத்தியானம் கல்லாறு சோதனைச் சாவடியிலிருந்து ஒருவர் போன் செய்தார். மலைக்கு வரும் வெளியூர் வண்டிகள் எடுக்க வேண்டிய இ-பாஸை எடுக்காமல் வந்துவிட்டார், வண்டியை நிறுத்திவிட்டார்கள். அறை பதிவு செய்தபோது நான் அனுப்பிய செய்தியில் இ-பாஸ் எடுங்கள் என்று முதல் வரியிலேயே இருக்கிறது. ஆனால் இருபது நிமிஷம் திட்டு வாங்கியது நான். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது, அதனால் போனையும் வைக்க மனம் வரவில்லை. அந்தப் பக்கம் மேனேஜர் நின்றுகொண்டு, கெஸ்ட்டிடம் குரலை உயர்த்தாதே என்று சைகை காட்டுகிறார். நான் குரலை உயர்த்தவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரவு பத்தரைக்கு ஜாம் போட உட்கார்ந்தேன். மூன்று கிலோ பழம், இரண்டரைக் கிலோ சர்க்கரை. ஆன்லைனில் சர்க்கரைப் பாகுக்கான தெர்மாமீட்டர் ஒன்று வாங்கியிருந்தேன். 105 டிகிரி வந்ததும் இறக்க வேண்டும் என்று பார்த்த வீடியோ எல்லாவற்றிலும் சொன்னார்கள். 97, 98-லேயே முள் ரொம்ப நேரம் நின்றது. தூக்கம் கண்ணை அழுத்துகிறது, ஆனாலும் கிளறிக்கொண்டே இருந்தேன். 105 வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். பாட்டிலில் ஊற்றிவிட்டுப் படுத்தேன்.

காலையில் ஸ்பூன் இறங்கவில்லை. கத்தியைக் குத்தினால் கத்தி நிற்கிறது. நிறமும் சிவப்பு போய்க் கறுத்துவிட்டது. திருப்பூரில் இருக்கும் நாத்தனாருக்கு வருஷா வருஷம் நாலு பாட்டில் போகும். மாமனார் இருந்தவரை ஜாம் அவர் வேலை, நான் பாட்டில் கழுவிக் கொடுத்ததோடு சரி. போன வருஷம் அந்த வருத்தத்தில் யாரும் பழத்தையே தொடவில்லை. இந்த வருஷம் எப்படியாவது போட்டு அனுப்பிவிட வேண்டும் என்று இருந்தேன்.

இதைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? இன்னும் இரண்டு கூடை பழம் காத்திருக்கிறது, அடுத்த தடவை என்ன மாற்ற வேண்டும்? பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற ஒருத்தி இதையெல்லாம் எந்த நேரத்தில் செய்வது?

கேத்தி மலைச்சரிவு
மே 18, காலை 7.02

பாட்டிலை வெந்நீரில் வைத்துவிடாதீர்கள், கண்ணாடி விண்டுவிடும். பச்சைத் தண்ணீரில் நிற்கவைத்து, தண்ணீரோடு சேர்த்து மெதுவாகச் சூடாக்குங்கள். இளகியதும் பாத்திரத்துக்கு மாற்றி, கொதிநீரைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கலக்குங்கள். கெட்டி குறையும். கறுத்ததும் கருகிய வாசனையும் போகாது, அதை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

கோவை ஊறுகாய் ஜாடி
மே 18, காலை 8.40

சர்க்கரை கூடிவிட்டது, அவ்வளவுதான். நான் இருபது வருஷமாகக் கோவையில் ஜாம் போடுகிறேன். 105-ல் இறக்கினால் ஒரு நாளும் தப்பாது. கருவி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இயற்பியல் வகுப்பு, குன்னூர்
மே 18, காலை 9.25

கோவை அக்கா, உங்கள் 105 கோவைக்கு ஏறக்குறையச் சரி, ஊட்டிக்குச் சரிப்படாது.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 100-ல் கொதிக்காது, 92 அல்லது 93-லேயே கொதித்துவிடும். குன்னூரில் எங்களுக்கு ஏறக்குறைய 94. 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். மூடாத பாத்திரத்தில் இங்கே பருப்பு வேகாமல் மணிக்கணக்கில் இழுப்பதும் இதனால்தான்.

ஜாம் இறுகுவது சர்க்கரையின் அடர்த்தியால். கடையில் விற்கும் ஜாமில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்த அடர்த்திக்கு வந்த ஜாம், அந்த ஊரில் தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட நாலைந்து டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். கோவையில் அது 103, 104. ஊட்டியில் 97. தங்கச்சி, நீங்கள் 97, 98-ல் முள் நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, ஜாம் ஆனது அப்போதுதான். அதற்கு மேல் கொதித்ததெல்லாம் இருந்த தண்ணீரையும் விரட்டியதுதான். 105 வந்தபோது பாத்திரத்தில் இருந்தது பாதி மிட்டாய்.

ஒரு காரியம் செய்யுங்கள். வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அந்த முள்ளை வைத்துப் பாருங்கள். எவ்வளவு காட்டுகிறதோ அதோடு நாலரை கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் அடுப்புக்கு அதுதான் கணக்கு.

பிளம்ஸ் மரத்து வீடு
மே 18, இரவு 9.50

இப்போதுதான் வந்தேன். செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாகத் தண்ணீர் வைத்தேன். கொப்பளித்துக் கொதிக்கிறது, 93 காட்டுகிறது. சார், வாங்கிய அன்றே ஒரு தடவை இப்படிப் பார்த்துவிட்டு, கருவி பழுது என்று விற்றவருக்குப் புகார் எழுதியிருந்தேன். அவர் பதில் போடவில்லை. அதன்பிறகும் அதையே நம்பி 105 வரைக்கும் கொண்டுபோயிருக்கிறேன்.

நேற்று 98 வந்தபோது மணி பதினொன்று இருபது. அப்போதே இறக்கியிருந்தால் ஜாமும் நன்றாக இருந்திருக்கும், ஒன்றரை மணி நேரம் தூங்கியும் இருப்பேன்.

கோவை ஊறுகாய் ஜாடி
மே 18, இரவு 10.15

சார் சொல்வது சரி. இருபது வருஷம் ஒரே ஊரில் செய்துவிட்டு எல்லா ஊருக்கும் அதுதான் என்று எழுதிவிட்டேன். என் மகள் கொடைக்கானலுக்கு மருமகளாகப் போனவள், அதிரசப் பாகு பிடிபடவே இல்லை என்று தீபாவளிக்குத் தீபாவளி அழுவாள். நான் கொடுத்த கணக்கை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். இப்போதே போன் செய்கிறேன்.

கோத்தகிரி ஹட்டி
மே 19, காலை 5.45

அதிரசத்துக்கு முள்ளே வேண்டாம் அம்மா. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகு விட்டு விரலால் திரட்டிப் பார்த்தால் போதும், உருண்டால் பதம். ஊர் எவ்வளவு உயரமானாலும் பதம் மாறாது. எங்கள் ஹட்டியில், அதாவது படகர் ஊரில், ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு எண்ணெஹிட்டுப் பலகாரம் சுடும்போதும் விரல் பதம்தான், யாரும் மணி பார்த்ததில்லை.

ஜாமுக்கும் இப்படி ஒன்று இருக்கிறது. ஒரு பீங்கான் தட்டை முன்னாலேயே ஜன்னல் திட்டில் வைத்துவிட வேண்டும். நம் ஊர் குளிரில் அது சில்லென்று ஆகிவிடும். கொதிக்கிற ஜாமில் ஒரு சொட்டு அதில் விட்டு, ஒரு நிமிஷம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் இறக்கிவிடலாம், பால் ஆடையை விரலால் ஒதுக்கினால் விழுமே அது போல. சுருக்கம் விழாமல் ஓடினால் இன்னும் மூன்று நிமிஷம். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அடுப்பை அணைத்துவிட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் நாம் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே பதம் தாண்டிவிடும்.

பிறகு, எல்லாம் கனிந்த பழமாகப் போடாதீர்கள். நாலில் ஒரு பங்கு செங்காயாக இருக்கட்டும். ஜாமை இறுக்குகிற சத்து தோலிலும் புளிப்பான காயிலும்தான் அதிகம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு ராத்திரிக் கணக்கு. முதல் ராத்திரி கொட்டையை எடுத்துவிட்டு, பழத்தைக் கொஞ்சம் தண்ணீரில் தோல் மசிகிற வரை வேகவைத்து, ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சர்க்கரை வேண்டாம். சர்க்கரையை முதலில் போட்டால் பிளம்ஸ் தோல் விறைத்து நார் நாராக நிற்கும். மறுநாள் ராத்திரி சர்க்கரை போட்டு, அகலமான பாத்திரத்தில் நல்ல தீயில் கொதிக்கவிட்டால் அரை மணியில் முடியும். ஒரு தடவைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். ஆழமான பாத்திரத்தில் நிறையப் போட்டால் தண்ணீர் வற்றவே நேரம் ஆகும், அதற்குள் நிறம் செத்துவிடும்.

பிளம்ஸ் மரத்து வீடு
மே 19, காலை 6.20

அம்மா, இதைப் படித்துவிட்டு அப்படியே எழுந்துபோய் சமையலறை ஜன்னலைப் பார்த்தேன்.

நீல ஓரம் போட்ட வெள்ளைத் தட்டு ஒன்று அங்கே இருக்கிறது. மாமனார் எஸ்டேட் பங்களா ஒன்றில் பட்லராக இருந்தவர், அங்கிருந்து வந்த தட்டு. மே மாதம் அதை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு யாரையும் எடுக்கவிட மாட்டார். பூனைக்கு வைக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை நான் அதைக் கழுவி அலமாரியில் வைத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி எடுத்து ஜன்னலில் வைத்தார். பன்னிரண்டு வருஷம் அதே வீட்டில் இருந்திருக்கிறேன், எதற்கு என்று கேட்டதே இல்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இரவு வருகிறேன்.

சாக்லேட் கடை
மே 19, மத்தியானம் 2.35

அக்கா, நானும் ஊட்டிதான், கடையில் ஹோம்மேட் சாக்லேட் எடைபோட்டுக் கொடுக்கிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன்.

கெட்டியானதைத் தூக்கிப் போடாதீர்கள். கேத்திக்காரர் சொன்னபடி இளக்கி, எண்ணெய் தடவிய தட்டில் மெல்லிசாக ஊற்றி ஆறவிட்டால் மாம்பழக் கூழைத் தகடாகக் காயவைக்கும் மாம்பழத் திரை போல வரும். துண்டு போட்டுச் சர்க்கரையில் புரட்டினால் பிள்ளைகள் மிட்டாயாகத் தின்றுவிடுவார்கள். சாக்லேட்டுக்குள் வைத்தாலும் நன்றாக இருக்கும், கெட்டியாக இருப்பதுதான் அதற்கு வசதி. தண்ணியான ஜாம் வைத்தால் ஒழுகிவிடும். சாக்லேட் உருக்குகிற கிண்ணத்தில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் படக் கூடாது. பட்டால் மொத்தமும் திரிதிரியாகிக் களி போல நின்றுவிடும். வெளியே மஞ்சு இறங்குகிற நேரத்தில் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டுதான் உருக்குவோம்.

பன்னிரண்டு மணி நேரம் நிற்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் கடைக்கும் ஒரு ஸ்டூல் வந்தது. சீசன் வந்ததும் அதன்மேல் பெட்டி அடுக்கிவிட்டார்கள். போன வாரம் நானும் கூட வேலை பார்க்கிற பெண்ணும் பெட்டிகளை இறக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தோம். முதலாளி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நீங்களும் கேளுங்கள் அக்கா.

இலைக்கணக்கு
மே 19, மாலை 6.05

ஹோட்டல், லாட்ஜுகளுக்கு 1958-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வாரம் ஒரு நாள் விடுமுறை அதில் உண்டு, சீசன் என்று சொல்லி அதை எடுத்துவிட முடியாது.

நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலைக்கணக்கு எழுதுகிறேன். இலை வரத்து அதிகமாகும் மாதங்களில் எங்களுக்கும் இதே கதைதான். லாரி இரவு பத்துக்கு வந்தாலும் எடை போட்டாக வேண்டும், பறித்த இலை காத்திருக்காது. தனியாகப் போய் லீவு கேட்டால் ஆள் இல்லை என்பார்கள். அதனால் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, யார் எந்த நாள் வரமாட்டார், அவர் இடத்தில் யார் நிற்பார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். மேலாளருக்கு வேண்டியது இடத்தில் ஒரு ஆள், அவ்வளவுதான். அதை நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் மறுக்கக் காரணம் கிடைக்காது. எங்களுக்கு வாரம் அரை நாள் கிடைத்தது. முழு நாள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வில்பட்டித் தோட்டம், கொடைக்கானல்
மே 19, இரவு 8.20

இ-பாஸுக்காக நீங்கள் திட்டு வாங்கியதைப் படித்து மனசு கஷ்டப்பட்டது. 2024 மே 7-ல் இது வந்ததிலிருந்து எங்கள் பக்கமும் லாட்ஜில் இருப்பவர்கள் பாடு இப்படித்தான். 2025 சீசனில் நீதிமன்றம் எண்ணிக்கையும் வைத்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. என் தங்கை மகனும் ரிசப்ஷனில்தான் இருக்கிறான். முன்பதிவு வந்ததும் செய்தி அனுப்புவதோடு விடாமல், வருவதற்கு முந்தைய நாள் மாலை போன் செய்து இ-பாஸ் எண்ணைக் கேட்டு வாங்கிப் பதிவேட்டில் எழுதிவிடுகிறான். எண் இல்லாதவரை அப்போதே எடுக்கவைக்கிறான். ஐந்து நிமிஷ வேலை, சாவடியிலிருந்து வருகிற போன் பாதியாகக் குறைந்துவிட்டது என்கிறான்.

ஆனால் மலைக்கு வண்டி கணக்கோடு வர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. எங்கள் தோட்டத்துப் பேரிக்காயையும் பிளம்ஸையும் ஏற்றிய வண்டி பெருமாள்மலையில் நெரிசலில் மூன்று மணி நேரம் நின்ற நாள் உண்டு. பிளம்ஸ் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றால் அடிப்பெட்டி சாறாகிவிடும். இ-பாஸ் வேண்டும், அதற்காக ரிசப்ஷனில் இருக்கிற பெண் திட்டு வாங்கவும் கூடாது.

மஞ்சூர் பஸ்
மே 19, இரவு 9.10

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். வீட்டில் வேறு யாரும் இல்லையா? ராத்திரி பத்தரைக்கு நீங்கள்தான் கிளற வேண்டுமா?

பிளம்ஸ் மரத்து வீடு
மே 19, இரவு 11.30

தப்பாக நினைக்கவில்லை. வீட்டுக்காரர் டாக்சி ஓட்டுகிறார், சீசனில் அவருக்கும் இரவு பத்து ஆகும். அத்தைக்கு முழங்கால் வலி, அடுப்படியில் ரொம்ப நேரம் நிற்க முடியாது. மகன் ஏழாம் வகுப்பு போகப் போகிறான். நான்தான் யாரையும் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

இன்று கேட்டேன். வீட்டுக்குள் நுழைந்தால் நாலு கிலோ பழமும் கொட்டை எடுத்துத் தயாராக இருக்கிறது. அத்தை நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வகிர்ந்திருக்கிறார், மகன் கொட்டையை எடுத்திருக்கிறான். சட்டையெல்லாம் சிவப்பு. இரண்டு இரண்டு கிலோவாகத் தோல் மசிய வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். அத்தையிடம் அந்தத் தட்டைப் பற்றிக் கேட்டேன். "அதில்தானே பதம் பார்ப்பார், உனக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன்" என்றார்.

கேத்தி மலைச்சரிவு
மே 20, காலை 6.50

பாட்டில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். காலி பாட்டிலைத் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்கவைத்தால் போதும் என்பது சமவெளிக் கணக்கு. நம் தண்ணீர் 93-ல் கொதிப்பதால் ஆயிரம் அடிக்கு ஒரு நிமிஷம் கூட்ட வேண்டும், ஊட்டிக்குப் பதினெட்டு நிமிஷம். பாட்டிலும் சூடாக, ஜாமும் சூடாக இருக்கும்போதே நிரப்பி மூடுங்கள். ஜூனில் மழை பிடித்துவிட்டால் வீட்டுக்குள் துணியே காயாது, ஈரம் பட்ட பாட்டிலில் வெள்ளையாகப் பூத்துவிடும்.

பிளம்ஸ் மரத்து வீடு
மே 20, இரவு 11.05

முதல் இரண்டு கிலோ முடிந்தது.

பத்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். இரண்டு கிலோவுக்கு ஒன்றே முக்கால் கிலோ சர்க்கரை போட்டேன். முதலில் இளஞ்சிவப்பாகப் பொடிப்பொடி நுரை பொங்கியது. பதினைந்து நிமிஷத்தில் நுரை அடங்கி, குமிழி பெரிதாகி, மெதுவாக உடைய ஆரம்பித்தது. முள் 96-ல் இருந்தபோது அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டில் ஒரு சொட்டு விட்டேன், ஓடியது. 97 தாண்டியதும் மறுபடி அணைத்துவிட்டு இன்னொரு சொட்டு. விரலால் தள்ளினேன், சுருக்கம் விழுந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் ஒரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு விரலை நக்கிக்கொண்டு, இறக்கு என்றார். மணி பத்து முப்பத்தைந்து.

நல்ல மாணிக்கச் சிவப்பு. ஐந்து பாட்டில் நிறைந்து, அடியில் கொஞ்சம் மிச்சம். அதை மகன் ஊட்டி வர்க்கியில் தடவித் தின்றுகொண்டிருக்கிறான். வர்க்கி நொறுங்கி மேஜையெல்லாம் தூள்.

இலைக்கணக்கு அண்ணா, கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களிடமும் பேசிவிட்டேன். மூன்று பேரும் தாளில் எழுதி, எனக்கு வியாழன் என்று போட்டு மேனேஜரிடம் கொடுத்தோம். வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டார், பதில் சொல்லவில்லை. இ-பாஸ் எண்ணை முந்தைய நாளே வாங்குவதையும் இன்று மாலை ஆரம்பித்துவிட்டேன். பதினொரு பேரைக் கூப்பிட்டதில் நாலு பேரிடம் பாஸ் இல்லை.

சாக்லேட் கடை
மே 21, காலை 8.15

அக்கா, அந்தக் கெட்டி ஜாம் என்ன ஆயிற்று?

பிளம்ஸ் மரத்து வீடு
மே 21, இரவு 10.40

திரையாக ஊற்றி வைத்திருக்கிறேன் தங்கச்சி, கறுப்பாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கசந்தாலும் மகனுக்குப் பிடித்திருக்கிறது. உன் கடை எங்கே என்று தனிச்செய்தியில் சொல், ஒரு டப்பா கொண்டுவந்து தருகிறேன்.

மேனேஜர் வியாழன் முழு நாள் தரவில்லை, மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்பலாம் என்றார். நாளைக்கு இரண்டாவது இரண்டு கிலோ. தட்டைக் கழுவித் துடைத்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டேன்.